போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன் கிருலப்பனையில் வாய்க்கால் ஓரமாக உள்ள ஒரு குடியிருப்பில், மாதர் குழுவினருக்கு ஒரு சிறிய வேலை கொடுத்திருந்தேன். வயிற்றுக்கு என்று வீட்டில் என்னென்ன மருந்து வைத்திருக்கிறீர்களோ, அவை எல்லாவற்றையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள் என்பதே அது. பதினொரு பேர் வந்தார்கள். கொண்டு வந்தவற்றைப் பாயின் மீது பரப்பியபோது ஒரு சிறு மருந்துக்கடையே உருவாகிவிட்டது. ஓமத்திரவம், பிள்ளைகளுக்கான கிறைப் வோட்டர், இலேகிய டப்பா, பெருங்காயக் கட்டி, வேர்க்கொம்பு, கடுக்காய், ஆஸ்பத்திரியில் கொடுத்து மிஞ்சிய குளிசைகள், ஒரேயொரு ஜீவனிப் பொட்டலம் (அதுவும் திகதி முடிந்தது). ஐந்து போத்தல்களில் பெயர்த்தாளே இல்லை.

அந்த ஐந்தில் ஒன்றை ஓர் இளம் தாய் கையில் எடுத்துக் காட்டினார். "பாதர், இது மாமி திருவிழாவில வாங்கித் தந்தது. நல்ல மருந்து. பிள்ளைக்கு வயித்தால போனா ஒரு கரண்டி குடுத்தா போதும், நின்னுரும். பிள்ளையும் உடனே தூங்கிடும்."

"உடனே தூங்கிடும்" என்ற அந்தச் சொல் எனது மனதை விட்டு அகலவில்லை. வயிற்றோட்டத்தை நிறுத்திப் பிள்ளையையும் தூங்க வைத்த ஒரு போத்தலின் கதை ஏற்கனவே உலகில் நடந்து முடிந்திருக்கிறது. அது நடந்த இடம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. அந்தக் கதையையே இம்முறை எமது பாடமாக எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா எங்கே, இந்த வாய்க்கால் கரை எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கே நேர்ந்த ஒரு பெரும் துன்பம், அதே நஞ்சினால், நமது மலையகப் பெண்பிள்ளைகளுக்கும் நேர்ந்தது. அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மக்கள் ஏன் போத்தலை நாடினார்கள்?

அக்கால அமெரிக்கரின் பொதுவான நோய் சமிபாடின்மை. உப்பிட்ட பன்றி இறைச்சி, கொழுப்பில் பொரித்த பண்டங்கள், சோள மா ரொட்டி ஆகியவற்றை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்து போவது அவர்களது வழக்கம் என்று ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். இதைவிடக் கொடியவை வாந்திபேதியும் வயிற்றுளைவும். 1832இலும் 1849இலும் வாந்திபேதி அந்நாட்டு நகரங்களில் பெரும் அழிவை ஏற்படுத்தியது.

படித்த மருத்துவரிடம் போனாலும் பயன் அதிகம் இருக்கவில்லை. இரத்தம் வடிப்பதும், கலோமெல் என்ற பாதரச மருந்தைக் கொடுத்துப் பேதியாக்குவதும் அன்றைய முறைகள். ஏற்கனவே நீரிழந்து கிடப்பவனைப் பேதியாக்கினால் என்ன நடக்கும்? கலோமெல் அதிகமானால் ஈறு அழுகிப் பற்கள் விழும். ஆகவே ஏழை மக்கள் மருத்துவருக்கு அஞ்சியது மூடத்தனத்தினால் அல்ல, அனுபவத்தினால். கிராமத்து மக்கள் ஆஸ்பத்திரியைத் தவிர்க்கும்போது நாமும் முதலில் அவர்களது அனுபவம் என்ன என்று கேட்க வேண்டும்.

இந்த அச்சத்துக்கு விடை சொன்னவர்களில் முக்கியமானவர் சாமுவேல் தொம்சன் (1769–1843). நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்து விவசாயி. பள்ளிப் படிப்பு இல்லாதவர். குளிர்ச்சியே நோய், சூடே உயிர் என்பது அவரது கொள்கை. லொபீலியா என்ற மூலிகையால் வாந்தி எடுக்கச் செய்து, பின்னர் கொச்சி மிளகாய்த்தூளால் உடம்பைச் சூடாக்குவார். 1813இல் இம்முறைக்கு அரசின் பேட்டன்ட் உரிமை பெற்றார். 20 டொலர் செலுத்திய குடும்பம் அவரது முறைகளைத் தன் வீட்டில் பயன்படுத்தலாம். சூடு, குளிர் என்று பேசும் எமது பாட்டிமார் தொம்சனைச் சந்தித்திருந்தால் நீண்ட நேரம் உரையாடியிருப்பார்கள்! அவரது மருந்து எல்லா நோயையும் தீர்த்ததா என்றால் இல்லை. ஆனால் ஒரு நல்ல குணம் இருந்தது. உள்ளே இருப்பது என்ன என்பது வாங்கியவருக்குத் தெரிந்தது.

பெயர் மட்டும் விற்கப்பட்ட காலம்

தொம்சனுக்குப் பின் வந்தவர்கள் வேறு வகையினர். இவர்களது சரக்கையும் மக்கள் 'பேட்டன்ட் மருந்து' என்றே அழைத்தனர். உண்மையில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டன்ட் கிடையாது. பேட்டன்ட் பெற வேண்டுமானால் மருந்தில் உள்ளதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதையே அவர்கள் விரும்பவில்லை. போத்தலின் வடிவத்தையும் பெயரையும் படத்தையும் பதிவு செய்துகொண்டார்கள். உள்ளே இருப்பதை இரகசியமாக்கினார்கள்.

1853இல் பென்சில்வேனியாவில் சந்தைக்கு வந்த ஹொஸ்டெட்டரின் 'வயிற்றுக் கசப்பு மருந்து' இதற்கு நல்ல உதாரணம். கசப்பு வேர்களும் வாசனைச் சரக்குகளும் சிறிது. மதுசாரம் ஆரம்பத்தில் ஏறக்குறைய 47 வீதம். எமது கடைச் சாராயத்தைவிடக் காட்டம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் (1861–1865) படைவீரர்களுக்கு வயிற்றுக் காப்பு என்று சொல்லி விற்கப்பட்டது. சாராயத்தைக் கையால் தொடமாட்டேன் என்று மதுவிலக்குச் சங்கத்தில் சத்தியம் செய்த நல்ல மனிதர்கள்கூட, உணவுக்கு முன் இதில் ஒரு சிறு கிண்ணம் குடித்து உடல் தெம்படைந்தார்கள். புனித பவுலும் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் வயிற்றின் பொருட்டுச் சிறிது திராட்சை இரசம் சேர்த்துக்கொள்ளுமாறு ஆலோசனை கூறுகிறார். ஆனால் அவர் 'சிறிது' என்றார். திராட்சை இரசத்தைத் திராட்சை இரசம் என்றே சொன்னார்.

இப்போது நான் முதலில் குறிப்பிட்ட போத்தலுக்கு வருவோம். 1849இல் 'திருமதி வின்ஸ்லோவின் ஆறுதல் பாணி' விற்பனைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தைக்கும் வயிற்றோட்டம் உள்ள குழந்தைக்கும் ஏற்றது என்று விளம்பரம். தாயின் மடியில் அமைதியாக உறங்கும் குழந்தையின் படம். உள்ளே இருந்தது மோபீன்: ஒரு அவுன்சில் (சுமார் 30 மில்லிலீற்றர்) ஏறத்தாழ 65 மில்லிகிராம். வளர்ந்தவர்களுக்கே அது பெரும் அளவு.

இந்த மருந்து 'வேலை செய்தது' என்பதை நாம் மறக்கக் கூடாது. அபினும் அதிலிருந்து எடுக்கப்படும் மோபீனும் குடலின் அசைவை நிறுத்திவிடும். தாய் கண்ணால் காண்பது என்ன? வயிற்றால் போவது நின்றது, அழுகை நின்றது, பிள்ளை தூங்குகிறது. அயலவளுக்கும் சொல்கிறாள். குடலுக்குள்ளே நீர் தேங்கிக் கிடப்பதும், பிள்ளையின் மூச்சு மெதுவாவதும் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சில பிள்ளைகள் எழும்பவேயில்லை. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இப்பாணியைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் சேர்த்துக் கண்டித்தது. அதற்குள் இரண்டு தலைமுறைத் தாய்மார் அதை நம்பி வாங்கியிருந்தனர்.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபரமைட் என்ற மருந்து குழந்தைகளுக்கான துளி மருந்தாகப் பாகிஸ்தானில் விற்கப்பட்டது. 1989–90 காலத்தில் குடல் செயலிழந்து குழந்தைகள் இறந்தது வெளிச்சத்துக்கு வந்த பின்னரே, அத்துளி மருந்து வளர்முக நாடுகளின் சந்தைகளிலிருந்து மீளப் பெறப்பட்டது. லோபரமைட் குளிசை இன்றும் பாமசிகளில் உண்டு. வளர்ந்தவர்களுக்குச் சில வேளைகளில் பயன்படும். சிறு பிள்ளைக்குப் பாதி உடைத்துக் கொடுப்பது மிகவும் தவறு.

அமெரிக்காவில் இதையெல்லாம் பத்திரிகைகள் ஏன் எழுதவில்லை? பல பத்திரிகைகளின் பெரிய விளம்பர வருமானமே இம்மருந்துகள்தான். தமது மாநிலத்தில் இம்மருந்துகளுக்கு எதிராகச் சட்டம் வந்தால் விளம்பர ஒப்பந்தம் இரத்தாகும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தங்களில் இருந்தது. அதனால் பத்திரிகை ஆசிரியர் சட்டத்துக்கு ஆதரவாக எழுதமாட்டார். சமய வார இதழ்களும் இதற்கு விதிவிலக்கல்ல என்பதைத் திருச்சபைச் சஞ்சிகை ஒன்றில் எழுதும் நான் வெட்கத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. செபத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் கசப்பு மருந்து விளம்பரம் இருந்தது.

1905இல் சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ் என்ற பத்திரிகையாளர் 'கொலியர்ஸ்' வார இதழில் தொடர் கட்டுரை எழுதி இந்த மோசடியை வெளிப்படுத்தினார். 1906 யூன் 30ஆம் திகதி உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் கையெழுத்தானது. அது இம்மருந்துகளைத் தடை செய்யவில்லை. மதுசாரம், அபின், மோபீன், கொக்கெயின் போன்ற சில பொருட்கள் இருந்தால் அவற்றையும் அளவையும் பெயர்த்தாளில் அச்சிட வேண்டும் என்றது. அவ்வளவுதான். தாய்மார் வாசித்தார்கள், பல மருந்துகளின் விற்பனை விழுந்தது.

இரண்டு வகை மிஷனரிப் பெட்டி

1840களில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பெரி டேவிஸ் என்பவர் 'பெயின் கில்லர்' என்ற மருந்தை விற்கத் தொடங்கினார். மதுசாரம், அபின், கற்பூரம், மிளகாய் ஆகியவை சேர்ந்த கலவை. வாந்திபேதிக்குச் சிறந்தது என்று பெயர் பெற்று, அமெரிக்க மிஷனரிமாரின் பெட்டிகளில் ஆசிய நாடுகளுக்கும் பயணம் செய்தது. கையில் வேறொன்றும் இல்லாத நேரத்தில் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள்.

அதே அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வேறொரு பெட்டியைக் கொண்டு வந்தார். அவர் எமது கத்தோலிக்க திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவரது தொண்டை மதிக்காமல் கடந்து செல்ல முடியாது. மானிப்பாயில் மருத்துவ நிலையம் நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கே மாற்றினார். 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) முதலிய நூல்கள் அவரது முயற்சியால் வெளிவந்தன. கெமிஸ்தம் என்பது இரசாயனவியல். அதாவது, ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் கல்வி. அதைத் தமிழில் மானிப்பாய் இளைஞன் வாசிக்கலாம் என்று அவர் நினைத்தார். அவரது சொந்த நாட்டில் போத்தலின் உள்ளே இருப்பதை ஆங்கிலத்திலேயே மறைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1884இல் மசசூசெற்சில் இறந்தார். தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்று அவரது விருப்பப்படியே கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

இஞ்சியும் நல்லெண்ணெயும்

பெயர்த்தாள் சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இனி சொல்லப்போவதே இப்பாடத்தின் முக்கிய பகுதி. குழுத் தலைவர்கள் இதை மெதுவாக வாசித்து விளக்குவது நல்லது.

வயிற்றுப் பொருமலுக்கும் செமியாமைக்கும் இஞ்சிச் சத்து அமெரிக்காவிலும் பழைய வீட்டு வைத்தியம். 'ஜமெய்க்கா இஞ்சி' என்ற பெயரில் சிறு போத்தல்களில் விற்கப்பட்டது. அதில் மதுசாரம் 70, 80 வீதம் வரை இருந்தது. 1920இல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, ஏழைகள் மருந்துக்கடையில் இதை வாங்கிக் குடிக்கத் தொடங்கினர். குடிக்க முடியாதபடி கசக்க வேண்டும், அதற்காக இஞ்சிச் சத்து அதிகமாக இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. பரிசோதகர்கள் திரவத்தைக் காய்ச்சி, அடியில் தங்கும் திண்மத்தை நிறுத்துப் பார்ப்பார்கள். அதனால் வியாபாரிகள், மலிவான வேறு பொருளைச் சேர்த்து நிறையைச் சரிக்கட்டினார்கள். 1930 தொடக்கத்தில் பொஸ்டன் நகர வியாபாரிகள் இருவர் அதற்காகச் சேர்த்தது திரை-ஓதோ-கிரெசைல் பொஸ்பேற்று. பிளாஸ்ரிக், அரக்குப் பூச்சு வேலைகளில் பயன்படும் எண்ணெய்போன்ற இரசாயனம். சுவையில்லை, மணமில்லை.

சில நாட்களில் கால் கெண்டையில் வலி. பின்னர் பாதம் தொங்கிவிடும். கையும் சோர்ந்துவிடும். நடக்கும்போது முழங்காலை உயர்த்திப் பாதத்தைத் தட்டித் தட்டி வைப்பார்கள். பல்லாயிரம் பேர் இவ்வாறு முடமாயினர். 30,000 முதல் 50,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோர் தென் மாநிலங்களின் ஏழைத் தொழிலாளர். குடிகாரர்தானே என்று ஊர் பரிகசித்தது. நட்டஈடு கிடைக்கவில்லை. கலந்தவர்களுக்குக் கிடைத்த தண்டனையோ மிக அற்பம்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1977–78 காலப்பகுதியில் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்ப் பெண்பிள்ளைகள், இருபதுக்கும் மேற்பட்டோர், கைகால் சோர்ந்து மருத்துவரிடம் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் அண்மையில் பெரியபிள்ளையானவர்கள். கால் வலி, தொங்கும் பாதம், விரல்களில் பலமின்மை, அதே அடையாளங்கள். இளம்பிள்ளைவாதமா என்று ஐயம் எழக்கூடிய நிலை. ஆனால் ஏன் பெண்பிள்ளைகள் மட்டும்? ஏன் இந்த வயதில் மட்டும்?

மருத்துவர்களான நிமல் சேனாநாயக்க, ஜெயரட்ணம் ஆகியோர் இதை ஆராய்ந்து 1981இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியிட்டனர். விடை பிள்ளைகளின் வீட்டிலேயே இருந்தது. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் வழக்கம். பிள்ளைப்பேற்றின் பின்னும் நல்லெண்ணெய் கொடுப்பார்கள். இடுப்புக்குப் பலம், வயிற்றுக்கு நல்லது என்பார்கள். அந்த நல்லெண்ணெயில் திரை-கிரெசைல் பொஸ்பேற்று கலந்திருந்தது. 1930இல் அமெரிக்காவின் இஞ்சிப் போத்தலில் இருந்த அதே குடும்பத்து நஞ்சு! முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டு சென்றதால் அது கலந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

பொஸ்டன் வியாபாரிகள் பேராசையால் கலந்தார்கள். இங்கே கவனயீனம் போதுமாக இருந்தது. எள்ளில் குற்றமில்லை, வழக்கத்திலும் குற்றமில்லை. தாய் தன் மகளுக்கு ஊட்டிய மிகச் சிறந்த பொருள் அது. லயன் அறையில் மகளுக்கென்று ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்குவது எளிதான செலவு அல்ல. அந்தத் தாய்மார் பட்ட வேதனையை யார் எழுதப்போகிறார்கள்? கட்டுரையில் நோயாளிகளின் எண்ணிக்கை இருக்கிறது. அடுப்படியில் அந்தத் தாய் தன்னையே நொந்துகொண்டது இல்லை.

எமது சரக்குகள் என்ன செய்யும்?

இவ்வளவும் வாசித்தபின், வீட்டு வைத்தியத்தையே கைவிட வேண்டும் என்று பாதர் சொல்கிறார் என எவரும் எண்ண வேண்டாம். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமில்லை என்பது பழமொழி. இரண்டாம் பாதியில் எனக்குக் கருத்து வேறுபாடு இருப்பது இயல்பு. முதற் பாதியில் உண்மை இருக்கிறது. குமட்டலைக் குறைக்க இஞ்சி உதவும் என்பதை நவீன ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஓமத்தில் தைமோல் என்ற சத்து உண்டு. முதலாம் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் ஜேர்மனிக்குக் கப்பலேறித் தைமோலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1909 முதல் அமெரிக்கத் தென் மாநிலங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப் புழுவை ஒழிக்கக் கொடுத்ததும் தைமோல்தான். 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்பை ஆரம்பித்தவர்களும் அவர்களே. ஆகவே ஓமத்தைப் 'பாட்டி மருந்து' என்று நகைப்பவர்கள் சிறிது யோசிக்க வேண்டும். சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் மூலிகையையும் மருந்து கலப்பவரையும் ஒருசேர மதிக்கிறது.

ஓமம், பெருஞ்சீரகம், நற்சீரகம், மல்லி, வேர்க்கொம்பு ஆகியன வாயுவுக்கும் பொருமலுக்கும் இலேசான குமட்டலுக்கும் ஆறுதல் தருபவை. அந்த எல்லைக்குள் அவை நல்லவை. கிறைப் வோட்டரும் இந்தக் குடும்பமே. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் வில்லியம் வூட்வர்ட் என்ற மருந்துக் கலவையாளர் 1851இல் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், அப்பச் சோடா, சீனி, நீர் ஆகியவற்றோடு 3.6 வீதம் மதுசாரமும் இருந்தது. பல தலைமுறைக் குழந்தைகள் அதைக் குடித்துச் சமர்த்தாக உறங்கினார்கள். பிரித்தானியாவில் 1992இல் மதுசாரம் நீக்கப்பட்டது. இன்றைய மருத்துவ ஆலோசனைப்படி ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்; கிறைப் வோட்டரும் வேண்டாம், ஓமத் தண்ணீரும் வேண்டாம்.

வயிற்றோட்டம் என்பது வேறு விடயம். அங்கே கொல்வது பொருமல் அல்ல. உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவது. எந்தச் சரக்கும் அதை ஈடு செய்யாது. 1968இல் டாக்கா வாந்திபேதி ஆய்வு நிலையத்தில் டேவிட் நலின், ரிச்சர்ட் காஷ் ஆகிய இரு இளம் மருத்துவர்கள், சீனியும் உப்பும் சரியான அளவில் கலந்த நீரை வாயால் கொடுத்தே வாந்திபேதி நோயாளரைக் காப்பாற்றலாம் என்று காட்டினர். குடல் சீனியை உள்ளே எடுக்கும்போது உப்பையும் சேர்த்தே எடுக்கிறது. உப்பின் பின்னே நீர் செல்கிறது. 1971இல் வங்காளதேச அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில் ஊசிவழி ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனபோது, டொக்டர் திலீப் மகலனாபிஸ் இந்நீரைப் பீப்பாய்களில் கலந்து உறவினர் கையிலேயே கொடுத்தார். சுமார் 30 வீதமாக இருந்த மரணம் 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் தாய்மார், செய்முறை இரகசியம் அல்ல. அந்த நீரே எமது நாட்டில் ஜீவனி என்ற பெயரில் பொட்டலமாகக் கிடைக்கிறது.

ஜீவனி கையில் இல்லையெனில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும், மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உணவையும் நிறுத்தக் கூடாது. நாகக் குளிசையை (சிங்க்) 10 முதல் 14 நாட்கள் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2004 முதல் சொல்கிறது. அதைக் கிளினிக்கில் கேட்டு வாங்கலாம். மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண், குடிக்க முடியாத சோர்வு, விடாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பிள்ளை எழுப்ப எழுப்பத் தூங்கினால், அது சுகம் வந்த அடையாளம் என்று எண்ணிவிட வேண்டாம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயுர்வேத, சித்த மருந்துகள் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழும், மேலைத்தேய மருந்துகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் கீழும் வருகின்றன. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு வித்திட்ட பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977), மருந்தை அதன் வியாபாரப் பெயரால் அன்றி உள்ளிருக்கும் பொருளின் பெயரால் வாங்க வேண்டும் என்று போராடியவர். திருவிழா மேடைக்கருகில் ஒலிபெருக்கி வைத்து விற்கும் போத்தலுக்கு இந்த இரண்டு வாசல்களும் தெரியாது.

அன்று கூட்டத்தில் அந்த இளம் தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மாமிக்கு என்ன சொல்றது, பாதர்? தூக்கி வீசினா வீட்டில சண்டதான் வரும்" என்றார். மற்றவர்கள் சிரித்தாலும் கேள்வி உண்மையானது. மாமியையே அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வருவதென்று குழு முடிவு செய்தது. அவர் வந்தார்; முகம் இறுகியிருந்தது. போத்தலைப் பற்றி எவரும் பேசவில்லை. அரிசிக் கஞ்சி எப்படி வைப்பது, உப்பு எவ்வளவு, சிறு பிள்ளைக்கு எந்தப் பதத்தில் என்று அவரிடமே கேட்டோம். அரை மணிநேரம் அவரே பாடம் நடத்தினார். போகும்போது, "அந்தப் போத்தல்ல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது பாதர், மைக்ல நல்லா பேசினான்" என்றார். போத்தல் அன்றே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கைக்குச் சென்றது.

குழுக்களுக்கான வேலை: அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள வயிற்று மருந்துகளைக் கொண்டு வரவும். மருந்தின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு, பெயர்த்தாளில் மிஞ்சியதை மட்டும் சத்தமாக வாசிக்கவும். என்ன பொருள், எவ்வளவு, மதுசாரம் உண்டா, யார் தயாரித்தது, பதிவு இலக்கம், திகதி. வாசிக்க ஒன்றுமில்லாத போத்தல்களைத் தனியே வைக்கவும். நல்லெண்ணெய் வாங்கும் கடையில் எண்ணெய் எந்தப் பீப்பாயில் வருகிறது, முன்னர் அதில் என்ன இருந்தது என்று இருவர் போய்க் கேட்டு வரவும். பின்னர் ஒரு லீற்றர் நீரில் சீனியும் உப்பும் அளந்து கரைத்து, எல்லோரும் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கவும்.